நைந்த கோட்டும் காலம் போன கோட்டும்

பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசகசாலையில் தனக்கு எதிரே வந்து உட்கார்ந்த ஒரு மனிதரைச் சார்ல்ஸ் டிக்கன்ஸால் மறக்க முடியவில்லை. 1836இல் புத்தகமாக வந்த ‘ஸ்கெட்சஸ் பை பாஸ்’ தொகுப்பில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். நைந்த கறுப்புடை. தொப்பியை யார் கண்ணிலும் படாதபடி மேசைக்கடியில் தள்ளிவைக்கும் பழக்கம். நடுவில் சில நாள் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கோட்டும் கால்சட்டையும் கறுகறுவென்று மின்னின. புதுத்துணிக்கு அவரிடம் காசு ஏது? வெளுத்த துணிக்கு மறுபடி கறுப்பேற்றும் ஒரு திரவம் அன்றைய லண்டனில் விற்றது; அதைத் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். கொஞ்ச நாளில் முழங்கால், முழங்கை, தையலோரம் என்று ஒவ்வொன்றாக வெளுக்கத் தொடங்கியது. அப்புறம் ஒரு வாரம் விடாத தூறல். சாயம் முழுக்கப் போயிற்று. தொப்பி பழையபடி மேசைக்கடிக்குப் போயிற்று.

இத்தகையவர்களுக்கு ஆங்கிலம் வைத்திருந்த பெயர் ‘ஷேபி ஜென்டீல்’. வாழ்ந்து கெட்ட குடும்பம். வசதி போய்விட்டது, கௌரவத்தை விட மட்டும் மனமில்லை. டிக்கன்ஸுக்கு இது கேள்விஞானம் அல்ல. அவருடைய அப்பா 1824இல் கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனவர். பன்னிரண்டு வயதுப் பையன் பூட் பாலிஷ் பட்டறையில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிச் சம்பாதித்தான். நாவலாசிரியர் தாக்கரேயும் 1840இல் இதே சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு கதை எழுதத் தொடங்கினார். அந்தக் காலத்து லண்டன் வாசகர்களுக்குத் தெருவுக்கு ஒருவர் இப்படித் தெரிந்திருப்பார்கள்.

இன்னொரு பக்கம் டெட்ராய்ட். 1927 மே மாதம் ஃபோர்டு கம்பெனி தன்னுடைய ஒன்றரைக் கோடியாவது ‘மாடல் டி’ காரைத் தயாரித்து முடித்தது. அத்தோடு அந்த வண்டிக்கே மூடுவிழா. 1908 முதல் வந்துகொண்டிருந்த வண்டி அது. அமெரிக்காவின் மண்சாலைகளில் விவசாயிகள் அதை ஓட்டினார்கள். கெட்டால் கொட்டகையில் வைத்துத் தாங்களே பழுது பார்த்துக்கொண்டார்கள். அது ஓடாமல் போய்விட்டதா என்றால் இல்லை. தகடு இற்றுப்போயிற்றா, அதுவும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து அன்று காலையில் இறங்கிய வண்டிக்குத் தகடு எப்படி இற்றுப்போகும்? பக்கத்துக் கம்பெனியின் செவ்ரலே கொஞ்சம் தாழ்வாக, கொஞ்சம் வளைவாக, பல வண்ணங்களில் வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் நின்றதுதான் மாடல் டி செய்த குற்றம்.

முதலாவதை ஆங்கிலம் ‘ஷேபி’ என்கிறது, இரண்டாவதை ‘டேட்டட்’. ஒத்தசொல் அகராதிகளில் பக்கத்துப் பக்கத்து வீடு போலத்தான் இவை கிடக்கின்றன; ஒன்றைத் தேடிப் போனால் மற்றது கண்ணில் படும். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ‘பழைய’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இவை இரண்டு வேறு விபத்துகள். ஒரு கோட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டி இருபது வருஷம் கழித்துத் திறந்தால் அது நையாது, ஆனால் காலம் போனதாகியிருக்கும். அதே கோட்டைத் தினமும் போட்டால் ஒரே வருஷத்தில் நைந்துவிடும், ஆனால் அன்றைய மோஸ்தரில்தான் இருக்கும். நைவது பொருளுக்குள் நடக்கிறது. காலம் போவது பொருளுக்கு வெளியே, வேறு யாரோ ஒருவருடைய கடை ஜன்னலில் நடக்கிறது.

இந்த வித்தியாசத்தைச் சொற்களின் பிறப்பே காட்டிக்கொடுக்கிறது. ‘ஷேபி’க்கு வேர் ‘ஷேப்’: சொறி, சிரங்கு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். ஆட்டுக்கு வரும் சொறிக்கும் அதுவே பெயர். காயத்தின் மேல் கட்டும் பொருக்குக்கு ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் ‘ஸ்கேப்’ இதன் உடன்பிறப்பு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது தோலிலிருந்து துணிக்குத் தாவியது. ‘ஸ்க்ரஃபி’ என்பதும் அப்படித்தான். அதன் அடியில் இருப்பது தலையில் உதிரும் பொடுகு. ‘மேஞ்ஜி’ தெருநாயின் சொறியிலிருந்து வந்தது. ‘டேட்டி’ என்று பிரிட்டிஷ்காரர்கள் ஓரம் கிழிந்த நாற்காலி உறையைச் சொல்வார்கள்; ஸ்காட்லாந்தில் அது முதலில் சடைபிடித்த முடியைக் குறித்தது. அமெரிக்கத் தெற்கில் தீனியின்றி இளைத்துப் பராமரிப்பற்றுத் திரிந்த மட்டக் குதிரைக்கு ‘டேக்கி’ என்று பெயர். அந்தக் குதிரை வைத்திருந்த ஏழை வெள்ளையருக்கு அந்தப் பெயர் ஒட்டியது, பிறகு அவர்களுடைய ரசனைக்கும் ஒட்டியது. இன்று ‘டேக்கி’ என்றால் மலிவான, பகட்டான, பார்க்கச் சகிக்காத அலங்காரம். குதிரையை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது ‘சீடி’. பூத்து முடித்து விதை கட்டிய செடியைப் பார்த்திருப்பீர்கள்: தண்டு நீண்டு, இலை பழுத்து, பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் கோலத்தை மனிதருக்கு வைத்தார்கள். பிறகு சந்தேகத்துக்கிடமான லாட்ஜுகளுக்கும் இருட்டு மதுக்கடைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. தோட்டக்காரர் யாரோ ஒருவர் அலுப்போடு சொன்ன வார்த்தை மாதிரி இருக்கிறது. இழிவுகூட அதில் கொஞ்சம் இரக்கத்தோடு வருகிறது. ‘ரேம்ஷேக்கில்’ என்று இடிந்து சாயும் வீட்டைச் சொல்வார்கள். வீடு புகுந்து அலசிக் கொள்ளையடிப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. ‘த்ரெட்பேர்’ பதினாலாம் நூற்றாண்டிலேயே இருக்கிறது: கம்பளியின் மேல்ரோமம் தேய்ந்து உள்நூல் வெளியே தெரியும் நிலை. குதிகால் தேய்ந்த பூட்ஸை வைத்தும் ஒரு தொடர் உண்டு. எல்லாம் தோல், மயிர், விலங்கு, செடி, நூல், செருப்பு. கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவை.

எதிர்த்தரப்பைப் பாருங்கள். ‘ஓல்டு ஃபேஷன்ட்’ பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் வருகிறது. ‘அப்சொலீட்’, ‘ஆன்டிக்வேட்டட்’ இரண்டும் லத்தீன் படித்தவர்கள் கொண்டுவந்தவை. ‘பாஸே’ பிரெஞ்சு, உச்சரிக்கும்போதே மூக்கு கொஞ்சம் மேலே போகும். ‘அவுட்மோடட்’ பிரெஞ்சைப் பார்த்துச் செய்த நகல். ‘டேட்டட்’ என்பது இந்தப் பொருளில் புழங்கத் தொடங்கியதே இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்தான். நைந்ததை ஏசும் சொற்கள் தொழுவத்திலிருந்து வந்தன என்றால், இவை நூலகத்திலிருந்தும் தையற்கடையிலிருந்தும் வந்தன. தொட ஒன்றுமில்லை, எண்ண மட்டும்தான் முடியும்.

எண்ணிக்கையைப் பெருக்கிக் கேலி செய்வதில் நார்விச் நகரத்து மருத்துவர் சர் தாமஸ் பிரவுனுக்கு முதலிடம். 1646இல் வந்த தன் புத்தகத்தில் ‘ஆன்டிடிலூவியன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்: நோவாவின் பிரளயத்துக்கு முந்தியது. அவர் நிஜமாகவே பிரளயத்துக்கு முந்தைய காலத்தைச் சொல்லத்தான் அதை எழுதினார். பின்னால் வந்தவர்கள் மாமாவின் குடையையும் பக்கத்து வீட்டு வண்டியையும் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள். நம்முடைய ‘பத்தாம்பசலி’யும் இதே ஜாதிதான். பசலி என்பது முகலாயர் காலத்திலிருந்து வரும் வருவாய்க் கணக்கு ஆண்டு. தமிழ்நாட்டில் தாலுகா ஆபீஸ் பதிவேடுகளில் இன்றும் இருக்கிறது. பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். அந்தக் கணக்கில் பத்தாம் பசலி என்பது கிபி 600. ஒருவருடைய பழக்கத்தைப் பல்லவர் காலத்துக்குத் தள்ளிவிடும் வசவு. ‘டேட்டட்’ என்ற சொல் ஆங்கிலத்தில் செய்வதும் அதுதானே, நெற்றியில் ஒரு தேதியைக் குத்திவிடுவது.

‘ஷேபி’யோடு ஒப்பிட்டால் இதில் ஒரு மரியாதை இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், குற்றத்தை யார் தலையில் கட்டுகிறோம் என்ற கேள்வியில் போய் நிற்கிறது.

‘ஷேபி’ உடைமைக்காரரைக் குற்றம் சாட்டும் சொல். அது பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே துணியை விட்டு நடத்தைக்கும் போய்விட்டது. ஒருவரை அற்பத்தனமாக நடத்துவதையும், கேவலமான தந்திரத்தையும், நொண்டிச் சாக்கையும் ஆங்கிலம் ‘ஷேபி’ என்கிறது. கோட்டைச் சரியாக வைத்துக்கொள்ளாதவர் வார்த்தையையும் சரியாக வைத்துக்கொள்ள மாட்டார் என்ற ஊகம் அதற்குள் மறைந்திருக்கிறது. ஏழையின் கோட்டைத்தான் முதலில் மழை கரைக்கும் என்பது அந்த ஊகத்துக்குத் தெரியாது. நம் ஊர் ஆங்கிலவழிப் பள்ளிகளில் சட்டை கசங்கியிருந்தாலும் கையெழுத்து கோணலாக இருந்தாலும் ‘ஷேபியா இருக்கு’ என்பார்கள். துணி நேற்று எடுத்ததாக இருக்கும். ஆனாலும் அங்கே திட்டு வாங்குவது துணி அல்ல, பிள்ளை.

‘டேட்டட்’ யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. பொறுப்பு காலத்தின் மேல் போய்விடுகிறது. பழைய படம் ஒன்றில் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் காட்சி வந்தால் விமர்சகர்கள் அதை ‘டேட்டட்’ என்று எழுதுவார்கள். சொன்னவர், எழுதியவர், சிரித்தவர் எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள்; 1930களோ 1950களோ மட்டும் கூண்டில் நிற்கிறது. அந்தக் காலத்திலேயே அந்தக் கேலியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள் என்பது இந்தச் சொல்லுக்குள் காணாமல் போகிறது. இந்தச் சலுகை ‘ஷேபி’க்குக் கிடையாது. கேவலமாக நடந்தால் கேவலம்தான். எந்த வருஷம் என்று யாரும் கேட்பதில்லை.

காலம் தானாகவா போகிறது? இங்கேதான் எனக்கு ‘டேட்டட்’ மேல் சந்தேகம் வருகிறது. மாடல் டியின் கதைக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் வருஷாவருஷம் காரின் உருவத்தை மாற்றுவதை ஒரு வியாபார முறையாகவே ஆக்கினார். 1927இல், ஃபோர்டு தன் வண்டியைக் கைவிட்ட அதே ஆண்டில், அழகுக்கும் நிறத்துக்கும் என்று தனிப் பிரிவு தொடங்கி வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்லைத் தலைமை ஏற்க வைத்தார். போன வருஷக் காரை வைத்திருப்பவர் இந்த வருஷக் காரைப் பார்த்துக் கூச வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. 1932இல் பெர்னார்ட் லண்டன் என்பவர் நியூயார்க்கில் ஒரு சிறு வெளியீடு போட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுள் குறிக்க வேண்டும், ஆயுள் முடிந்ததும் அது சட்டப்படி செத்ததாகக் கணக்கு, அதை ஒப்படைத்து அழித்துவிட வேண்டும், அப்போதுதான் ஆலைகள் ஓடும், பெருமந்தம் தீரும் என்பது அவர் யோசனை. கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனம். ஆனால் ஸ்லோன் சட்டம் எதுவும் இல்லாமலே அதைச் செய்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் லண்டன் கொஞ்சம் வெளிப்படையான மனிதர் என்றுதான் தோன்றுகிறது. 1954க்குப் பிறகு புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர் இந்தத் திட்டமிட்ட வழக்கொழிப்பை மேடைதோறும் பெருமையாகவே பேசினார். தேவைப்படும் முன்பே புதியதை விரும்ப வைப்பதுதான் தன் தொழில் என்று அவர் ஒளிக்கவில்லை.

ஆக, ‘டேட்டட்’ என்பதில் செய்தவர் ஒருவர் இருக்கிறார், சொல் அவரைக் காட்டாது. செய்தவரைக் காட்டும் சொல் ஒன்று எதிர்த்தரப்பில், நைந்தவை பக்கத்தில் இருக்கிறது: ‘ஷாடி’. 1813 வாக்கில் யார்க்‌ஷயரின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலை அரைத்து, புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் வழியைக் கண்டார். அந்தத் துணிக்கு ஷாடி என்று பெயர். பேட்லியில் அது வெறும் சரக்கின் பெயர், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரே அதில் வாழ்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. 1861இல் அவசரமாகத் தைத்த வடபகுதிப் படைச் சீருடைகள் மழையில் நைந்து பிரிந்தன. ஒப்பந்தக்காரர்கள் பணக்காரர்களானார்கள், அவர்களை ஷாடிப் பிரபுக்கள் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அதிலிருந்து ‘ஷாடி’ என்றால் ஏமாற்று வேலை. போட்டவன் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று சிப்பாயைச் சொல்லவில்லை, தைத்தவனைச் சொன்னது. இருநூறு வருஷம் கழித்து அந்தத் தொழிலின் பெரிய கேந்திரம் ஹரியானாவின் பானிபட். பணக்கார நாடுகள் கழித்த கம்பளி உடைகள் அங்கே வந்து அரைபட்டுப் போர்வையாகின்றன. அவற்றில் எத்தனை நைந்ததால் வந்தன, எத்தனை காலம் போனதால் வந்தன என்று மூட்டையைப் பிரித்தாலே தெரியும்: பாதிக்கு மேல் பொத்தான்கூடத் தேயாதவையாக இருந்தால் ஆச்சரியமில்லை.

டிக்கன்ஸ் அந்தக் கட்டுரையில் ஒரு விசித்திரமான விஷயம் சொல்கிறார். ஷேபி ஜென்டீல் என்பது ஆண்களுக்கு மட்டும் உரிய நிலை. பெண் எவ்வளவு ஏழையானாலும் ஒன்று சுத்தமாக, ஒழுங்காக இருப்பாள், இல்லாவிட்டால் முழு அலங்கோலமாக இருப்பாள், நடுநிலை கிடையாது என்கிறார். இருபது தாண்டிய இளைஞரின் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். கோட்டைப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாவாடையின் விளிம்பை உள்ளே மடித்துத் தைத்திருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் மொழி அவர் பக்கம்தான் இருக்கிறது. பெண்ணுக்கென்று அது வேறு சொல்லை எடுத்து வைத்திருந்தது: ‘டௌடி’. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில் மெர்க்யூஷியோ, கார்த்தேஜின் அரசி டைடோவையே அந்தப் பெயரால் கேலி செய்கிறான். பின்னால் ‘ஃப்ரம்பி’ வந்தது. இந்த இரண்டும் நான் பிரித்து வைத்த இரண்டு பக்கத்திலும் சேராது. டௌடியான உடை நைந்ததாக இருக்க வேண்டியதில்லை. காலம் போனதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. நேற்றுக் கடையில் வாங்கியதாக இருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு இனிக்கவில்லை என்பது மட்டுமே குற்றம். ஆணுக்கு இப்படியொரு சொல் இல்லை. வயதான ஆணைக் கிண்டல் செய்ய ‘ஃபோகி’ உண்டு, ஆனால் அது அவருடைய கருத்தைப் பற்றியது, கால்சட்டையைப் பற்றியதல்ல.

மோஸ்தர் போனவற்றுக்கு ஜேம்ஸ் லேவர் போட்ட ஏணியும் டௌடியில்தான் தொடங்குகிறது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். 1937இல் எழுதிய ‘டேஸ்ட் அண்ட் ஃபேஷன்’ புத்தகத்தில் ஓர் அட்டவணை போட்டார். ஒரு மோஸ்தர் போய் ஒரு வருஷமானால் டௌடி. பத்து வருஷமானால் அருவருப்பு. இருபதில் கேலிக்கூத்து, முப்பதில் வேடிக்கை. ஐம்பதில் ‘க்வெயின்ட்’, அதாவது பழசுதான், ஆனால் பார்க்க ஒரு ஈர்ப்பு. எழுபதில் இனிமை, நூறில் காவியம், நூற்றைம்பதில் அழகு. கேலியாகத்தான் எழுதினார். ஆனாலும் அது காலம் போனவற்றின் இயல்பைச் சரியாகப் பிடித்திருக்கிறது: பள்ளத்தில் இறங்கி, யாரும் கை கொடுக்காமலே மறுபக்கம் ஏறிவிடும். சட்டமும் கிட்டத்தட்ட இதே கணக்கைத்தான் போடுகிறது. அமெரிக்காவில் 1966 முதல் நூறு வருஷப் பொருள் கலைப்பழமை என்று சுங்கவரி இல்லாமல் உள்ளே வரும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் நூறு என்கிறது, சுவடிகளுக்கு எழுபத்தைந்து.

ஏறுவதற்கு நூறு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. 1934இல் பிரிட்டனில் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பைத் தொடங்கியவர்கள், புது வண்டி வாங்க அதிக வசதியில்லாத கார்ப் பித்தர்கள். கொஞ்ச காலத்திலேயே, 1930 முடிவதற்குள் கட்டிய வண்டிகளைத்தான் சேர்ப்போம் என்று விதி வைத்தார்கள். நாலைந்து வருஷம் முந்திய காருக்கு, திராட்சை அறுவடையிலிருந்து கடன் வாங்கிய ‘விண்டேஜ்’ பட்டம்! அப்பட்டமான துணிச்சல், ஆனால் பலித்தது.

லேவரின் ஏணியில் ஒரு படி உடைந்து போன இடமும் உண்டு. லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் முகப்பில் பிலிப் ஹார்ட்விக் 1837இல் கட்டிய கிரேக்கப் பாணி வளைவு நின்றது. அட்டவணைப்படி 1961இல் அது காவியத்தைத் தாண்டி அழகை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆண்டுதான் இடிக்கத் தொடங்கினார்கள், எதிர்ப்பு எவ்வளவோ இருந்தும். கொஞ்ச தூரத்திலேயே செயின்ட் பேன்கிரஸ் நிலையமும் அதன் முன்னால் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் கட்டிய 1873ஆம் ஆண்டு ஓட்டலும் அதே விதிக்குக் காத்திருந்தன. அந்த ஓட்டல் 1935இலேயே மூடப்பட்டது. அறைக்கு அறை குளியலறை இல்லாத கட்டடத்தை நடத்துவது கட்டுப்படியாகவில்லை. 1958இல் தொடங்கிய விக்டோரியன் சொசைட்டியும் கவிஞர் ஜான் பெட்ஜமனும் போராடி 1967இல் அதற்கு முதல் தரப் பாதுகாப்பு வாங்கினார்கள். 2011இல் அது மறுபடி ஓட்டலாயிற்று. இரண்டு கட்டடத்திலும் நீராவி ரயிலின் கரி அப்பியிருந்தது. என் எண்ணம், யூஸ்டன் வளைவைக் கொன்றதில் பாதிப் பங்கு கரிக்கு. கறுத்துக் கிடந்ததால் அது நைந்ததாகத் தெரிந்தது, நைந்ததாகத் தெரிந்ததால் காலம் போனது என்று தீர்மானிக்க எளிதாக இருந்தது. கழுவிவிட்டுப் பார்த்திருந்தால் இன்னொரு பத்து வருஷம் யோசித்திருப்பார்கள்.

நைந்தவைக்கு லேவர் போட்ட மாதிரி ஏணி கிடையாது. தேய்ந்த கோட்டு ஐம்பது வருஷம் கழித்து தேயாத கோட்டு ஆகாது. அதை மேலே தூக்க ஒரே வழி, அதைப் போடுபவர் மாறுவது. இங்கிலாந்தின் பழைய நிலப்பிரபுக் குடும்பங்களில் கிழிந்த சோபாவும் வெளுத்த திரையும் குலப்பெருமையின் அடையாளம்; பளபளவென்று இருந்தால்தான் சந்தேகம். கன்சர்வேட்டிவ் கட்சியின் மைக்கேல் ஹெசல்டைன் தன் வீட்டுச் சாமான்களைச் சொந்தக் காசில் வாங்கிய ஆள் என்று சக கட்சிக்காரர் ஒருவர் ஏளனம் செய்ததை அதே கட்சியின் ஆலன் கிளார்க் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பரம்பரையாக வராத நாற்காலி அவ்வளவு இழிவு. மன்னர் சார்ல்ஸ் ஒட்டுப்போட்ட கோட்டோடு படங்களில் தென்பட்டால் சிக்கனம் என்று மெச்சுகிறார்கள். அதே ஒட்டோடு ஒருவர் வேலைக்கான நேர்முகத்துக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்று டிக்கன்ஸின் வாசகசாலை மனிதரைத்தான் கேட்க வேண்டும். 1989இல் ரேச்சல் ஆஷ்வெல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் ‘ஷேபி சிக்’ என்ற பெயரில் கடை திறந்தார். வெள்ளைச் சாயம் பொரிந்த அலமாரி, துவைத்துத் துவைத்து மென்மையான உறை. அந்தப் பாணி பரவியபின், புது அலமாரியை உப்புத்தாள் தேய்த்துப் பழசாக்கி விற்கும் வியாபாரமும் சேர்ந்து வந்தது. கறுப்புத் திரவம் தடவிய மனிதர் நைந்ததை மறைத்தார். இவர்கள் இல்லாத நைவைப் பூசினார்கள். விலை கூடியது.

நாற்றத்திலிருந்து வந்த சொற்களைப் பற்றி இரண்டு வரி. ‘ஃபஸ்டி’ பழைய பிரெஞ்சில் மதுப்பீப்பாயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, பீப்பாய் வாடை ஏறிய ஒயின். இன்று மூடிக்கிடந்த அறைக்கும் மூடிக்கிடக்கும் மூளைக்கும் அது பொருந்தும். ‘ஸ்டேல்’ முதலில் பாராட்டு: நீண்ட நாள் வைத்ததால் மண்டி படிந்து தெளிந்த நல்ல பீர். இரண்டு தரப்புக்கும் நடுவே ஆட்கள் போய்வரும் வாசல் இந்த மூக்குச் சொற்கள்தான்.

கடைசியாக ஒரு வித்தியாசம், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சுவாரசியமானது. ‘ஷேபி’ முந்நூற்றைம்பது வருஷமாக அப்படியே இருக்கிறது. ‘த்ரெட்பேர்’ அறுநூறு தாண்டிவிட்டது. துணி அன்று நைந்த விதத்தில்தான் இன்றும் நைகிறது, சொல்லை மாற்ற அவசியம் வரவில்லை. காலம் போனதைக் கேலி செய்யும் கொச்சைச் சொற்கள் அப்படி நிற்பதில்லை. 1930களில் ஜாஸ் வாத்தியக்காரர்கள் நாட்டுப்புறத்தான் வாசிப்பு என்று ‘கார்னி’யைக் கொண்டுவந்தார்கள். 1940களில் அவர்களே ‘ஸ்கொயர்’ என்றார்கள். இன்று ஒரு பதின்வயதுப் பையனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் சொன்னவர்தான் ஸ்கொயர். பிரிட்டனில் 1960களிலிருந்து ‘நேஃப்’. 2013இல் கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாணவி ‘ச்சூகி’ என்று ஒன்றைப் புனைந்தாள்: போன சீசன் மோஸ்தரை இன்னும் பிடித்துத் தொங்குவது. 2021இல் டிக்டாக்கில் அது வெடித்துப் பரவியது. பெரிய பத்திரிகைகள் விளக்கக் கட்டுரை போட்டன. விளக்கக் கட்டுரை வந்த கையோடு, அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதே ச்சூகி என்று இளசுகள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த விதிக்கு அடங்காத ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. செம்மறியின் பின்புறத்து ரோமத்தில் சாணி காய்ந்து உருண்டையாகத் தொங்கும். அதற்கு ‘டேக்’ என்று பெயர், அதைக் கத்தரித்து எடுப்பது பண்ணையில் ஒரு வேலை. அதிலிருந்து ‘டேகி’. பிறப்பு சொறி, பொடுகு, மட்டக் குதிரையின் கூட்டத்தில். பொருளோ மோஸ்தர் தெரியாத, நாகரிகத்துக்கு ஒட்டாத என்பது. ஆனால் ஆஸ்திரேலியர்கள் அதைப் பிரியமானவர்களுக்குத்தான் அதிகம் சொல்கிறார்கள். முழங்காலுக்கு மேல் காலுறை இழுத்துவிட்டுக்கொண்டு, தொளதொள கால்சட்டையில் சமையலறையில் பாடிக்கொண்டே ஆடும் அப்பாவைப் பார்த்து மகள் ‘யூ டேக்’ என்பாள். அப்பா ஆட்டத்தை நிறுத்த மாட்டார்.